கோரைக்கிழங்கும் காவற்கலங்களும்

சிறுபோக அறுவடை முடிந்து, வயல்களில் வைக்கோல் மட்டும் கிடந்த நாட்களில், கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றுக்கு விதைநெல் சம்பந்தமான ஒரு கூட்டத்திற்காகப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனபின்னும் ஒரு தாய் மாத்திரம் பாலைமரத்தடியில் நின்றார். ஊரையும் பேரையும் எழுதமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

"தம்பி, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். சென்னையிலை எயிட்சுக்கு மருந்து வந்திட்டுதாமே. உடம்பிலை இருக்கிற இரத்தத்தை எடுத்து, அதிலை உள்ள கலத்தை மாத்தித் திருப்பி ஏத்தினால் முற்றாய்ச் சுகமாம். நாப்பது இலட்சம் கேக்கிறாங்கள். காணியை ஈடு வைக்கலாமோ?"

மகன் மத்திய கிழக்கிலே வேலை செய்தவன். விசாவைப் புதுப்பிப்பதற்காகச் செய்த இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரியவந்து, கையிலே ஒரு பையுடன் திருப்பி அனுப்பப்பட்டவன். காணி என்பது இரண்டு ஏக்கர் வயல். அனுமதிப்பத்திரக் காணி. 2009இல் விட்டோடி, செட்டிகுளம் முகாமில் இருந்து, திரும்பி வந்து பற்றை வெட்டி, வரம்பு கட்டி, அந்தக் குடும்பம் இரண்டாந் தடவையாக உண்டாக்கிய வயல் அது. அப்படிப்பட்ட காணியை எழுதிக் கொடுக்கச் சொல்பவர் தொலைபேசியில் மட்டும் பேசுகின்ற ஒரு தரகர்.

"வேண்டாம் அம்மா" என்று ஒரு சொல்லிலே சொல்லிவிட்டு நான் வந்திருக்கலாம். ஆனால் அந்தத் தரகர் சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்யை அடையாளங் காண்பது இலகு, பாதி உண்மையோடு வருகின்ற பொய்தான் காணியைத் தின்னும். எனவே அன்று அந்த மரத்தடியில் இரண்டு மணித்தியாலம் இருந்து பேசினோம். அங்கே பேசியதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வேலூருக்குப் போன இரத்தம்

எம்மவர்களில் பலருக்கு வேலூர் தெரிந்த ஊர். இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் என்று வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் வந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். இந்தியாவின் எச்.ஐ.வி. கதையும் அந்த வாசலில்தான் தொடங்கியது.

1985ஆம் ஆண்டின் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா என்ற 32 வயது மாணவிக்கு அவருடைய ஆசிரியை வைத்தியர் சுனிதி சொலமன் ஓர் ஆய்வைக் கொடுத்தார். இந்தியாவில் எயிட்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அது வெள்ளைக்காரரின் வியாதி, எங்கள் நாட்டுக்கு வராது" என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். நிர்மலா, பாலியற் தொழிலில் ஈடுபட்டதற்காகச் சென்னையிலே தடுத்து வைக்கப்பட்டிருந்த பெண்கள் உட்பட எண்பதுக்கு மேற்பட்டவர்களிடம் இரத்தம் எடுத்தார். அதை வைப்பதற்கு இடமில்லாமல் தமது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தார். சென்னையில் பரிசோதிக்கும் வசதி இருக்கவில்லை. 1986 பெப்ரவரி மாதத்தில் ஓர் இரவு, ஐஸ் பெட்டியில் இரத்த மாதிரிகளோடு கணவரும் அவரும் காட்பாடிக்கு இரயில் ஏறினார்கள். வேலூரில் வைத்தியர் ஜேக்கப் ஜோனின் ஆய்வுகூடத்தில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது அவ்வாறுதான். அடுத்த ஆண்டு, 1987இல், இலங்கையர் ஒருவரிடமும் இந்த வைரசு முதன்முதலாகக் காணப்பட்டது.

சுனிதி சொலமன் அதன்பின் வாழ்நாள் முழுவதையும் இந்நோயாளருக்கே கொடுத்தார். 1993இல் சென்னையில் அவர் தொடங்கிய வை.ஆர்.ஜி. நிலையம், மற்ற இடங்களில் கதவடைக்கப்பட்டவர்களை உள்ளே எடுத்தது. 2015இல் அவர் காலமானார். அந்த முதல் ஆறு பெண்களும் என்னவானார்கள் என்பதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை என்பது என் மனதில் உறுத்துகின்ற விடயம்.

குளிசை ஏன் முற்றாகச் சுகப்படுத்துவதில்லை?

எமது உடம்பில் வெண்குருதிக் கலங்கள் இருக்கின்றன. வயற்காவல் போல இவை இரவு பகலாகச் சுற்றி வந்து கிருமிகளைப் பிடிக்கின்றன. அவற்றுள் ரி-கலம் என்று ஒரு வகை. அதிலும் சீ.டி.4 என்ற அடையாளமுடையவை மற்றக் காவற்காரரைக் கூப்பிட்டுக் கட்டளை கொடுப்பவை. வேறு கிருமிகள் காவலுக்குப் பயந்து ஒளிக்கும். எச்.ஐ.வி. நேரே அந்தக் கட்டளை கொடுப்பவனுடைய வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. புகுந்து, கலத்தின் பரம்பரையலகுகளுக்குள், அதாவது அந்தக் கலத்தின் பிறப்புப் பதிவுக்குள்ளேயே, தன்னையும் எழுதிவிடுகிறது. பிறகு அந்தக் கலமே வைரசைப் பெருக்கிக் கொடுக்கும்.

இப்போது கொடுக்கப்படும் குளிசைகள் இந்தப் பெருக்கத்தை நிறுத்துகின்றன. நன்றாகவே நிறுத்துகின்றன. ஆனால் சில கலங்கள் வைரசை உள்ளே எழுதிவைத்துக்கொண்டு நித்திரைக்குப் போய்விடுகின்றன. உறங்கும் சீ.டி.4 கலங்கள் பத்து இலட்சத்தில் ஒன்று அளவில்தான் இப்படிப்பட்டது. அது ஒன்றும் செய்வதில்லை, ஒன்றும் காட்டுவதுமில்லை. குளிசை அதைத் தொடாது.

இதை அந்தத் தாய்க்கு எப்படிச் சொல்வதென்று யோசித்தபோது அவரே வழி காட்டினார். "கோரை மாதிரியோ தம்பி?" என்று கேட்டார். அதேதான். கோரைப்புல்லை மேலாலே வெட்டினால் வயல் துப்புரவாகத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு மழை பெய்து நாங்கள் இரண்டு கிழமை பாராமல் விட்டால் பழையபடி வந்துவிடும். குளிசையை நிறுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் வைரசு திரும்பி வருவதற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கிழங்குகள் தாமாக அழிந்து போவதற்கு, ஒழுங்காகக் குளிசை எடுத்தாலும், எழுபது ஆண்டுக்கு மேல் செல்லும். ஒரு மனிதனின் ஆயுட்காலம்.

வயலையே மாற்றிப்போட்ட கதை

அப்படியானால் ஒருவரும் முற்றாகச் சுகமடையவில்லையா? அடைந்திருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணலாம்.

திமோதி றே பிறவுண் என்ற அமெரிக்கர் ஜேர்மனியின் பேர்ளின் நகரில் வாழ்ந்தவர். எச்.ஐ.வி.யும் இருந்தது, பின்னர் குருதிப் புற்றுநோயும் வந்தது. புற்றுநோய்க்காக 2007இலும் 2008இலும் அவருக்கு வேறொருவருடைய என்பு மச்சைக் கலங்கள் ஏற்றப்பட்டன. இரத்தக் கலங்கள் யாவும் பிறக்கின்ற இடம் என்பு மச்சை. அவருடைய வைத்தியர் கெரோ ஹியூட்டர் கொடையாளரைத் தெரிவு செய்தபோது ஒரு புத்தி செய்தார். எச்.ஐ.வி. கலத்துக்குள் நுழைவதற்கு சீ.சீ.ஆர்.5 என்ற ஒரு கதவு வேண்டும். வட ஐரோப்பியருள் நூற்றுக்கு ஒருவர் அளவில் அந்தக் கதவு இல்லாமலே பிறக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் மச்சையையே எடுத்தார். பழைய கலங்கள் அழிந்து, கதவில்லாத கலங்கள் முளைத்தன. வைரசு திரும்பி வரவேயில்லை. திமோதி 2020இல் இறந்தார். இறந்தது புற்றுநோய் திரும்பி வந்ததனால், எச்.ஐ.வி.யால் அல்ல.

அவருக்குப் பின் இலண்டனில் ஒருவர், டுசல்டோர்ஃபில் ஒருவர், அமெரிக்காவில் சிலர் என்று, இந்த வழியாகச் சுகமடைந்தவர்கள் பத்துப்பேர் அளவிலேயே இருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோருமே புற்றுநோய்க்காக இந்தச் சிகிச்சைக்குப் போனவர்கள். மச்சை மாற்றுவதென்பது வயலின் மேல்மண் முழுவதையும் வாரி எறிந்துவிட்டு வேறு மண் கொண்டுவந்து போடுவதைப் போன்றது. அந்தச் சிகிச்சையிலேயே உயிர் போகலாம். குளிசையோடு நல்ல சுகமாக நடமாடுகின்ற ஒருவருக்கு அதைச் செய்ய எந்த வைத்தியரும் ஒப்பமாட்டார். தவிரவும், கதவில்லாமல் பிறப்பவர்கள் எமது பக்கத்து மக்களில் மிக மிக அரிது.

காவற்காரனுக்குப் புதுக்கண்

தரகர் சொன்ன "கலத்தை மாற்றித் திருப்பி ஏற்றுவது" இங்கேதான் வருகிறது. அது உண்மையிலேயே இருக்கின்ற ஒரு வைத்தியம். ஆங்கிலச் சுருக்கத்தில் கார்-ரி என்பார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்து ரி-கலங்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்குள் ஒரு புதிய பரம்பரையலகைச் செலுத்துவார்கள். அந்தக் கட்டளையின்படி ரி-கலத்தின் மேற்பரப்பில் ஒரு புதிய கொளுவி முளைக்கும். எந்த அடையாளத்தைத் தேடிப் பிடிக்க வேண்டுமோ அதற்கேற்றபடி செய்த கொளுவி. பிறகு அந்தக் கலங்களைப் பல கோடியாகப் பெருக்கி உடம்பிலே திருப்பி ஏற்றுவார்கள். ஊர்க்காவலுக்கு நின்றவனுக்குக் கள்ளனின் படத்தைக் கொடுத்து அனுப்புவது போல.

2012இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், எமிலி வைற்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு, வேறெந்த மருந்துக்கும் கேளாத குருதிப் புற்றுநோய் இதனால் மாறியது. இந்தியாவில் மும்பாய் ஐ.ஐ.ரி.யும் டாட்டா நினைவு வைத்தியசாலையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற சிகிச்சைக்கு 2023 ஒக்ரோபரில் அரசு அனுமதி கிடைத்தது. 2025இல் வெளியான முடிவுகளின்படி, அதைப் பெற்ற நோயாளரில் நாலில் மூன்று பங்கினருக்கு அண்ணளவாகப் பலன் கிடைத்திருந்தது. அமெரிக்காவில் மூன்று நான்கு கோடி இந்திய ரூபா ஆகின்ற வைத்தியத்தை அவர்கள் முப்பது, நாற்பது இலட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் காசில் அதுவே ஒரு கோடியைத் தாண்டும்.

கவனியுங்கள்: அந்தத் தரகர் சொன்ன நாற்பது இலட்சம் எங்கிருந்து வந்ததென்று இப்போது ஊகிக்கலாம். ஏதோ ஒரு பத்திரிகைச் செய்தியில் பார்த்த விலையாக இருக்கவேண்டும். ஆனால் அந்த அனுமதி குருதிப் புற்றுநோயின் சில வகைகளுக்கு மட்டுமே. எச்.ஐ.வி.க்கு இந்தியாவிலோ, இலங்கையிலோ, அமெரிக்காவிலோ, உலகின் எந்த மூலையிலோ இப்படியொரு சிகிச்சை விற்பனைக்கு அனுமதிக்கப்படவில்லை.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். பரம்பரையலகைக் கலத்துக்குள் ஏற்றிச் செல்ல ஒரு வண்டில் தேவை. கலத்தின் பிறப்புப் பதிவுக்குள்ளேயே எழுதக்கூடிய வண்டில். விஞ்ஞானிகள் அதற்குத் தெரிந்தெடுத்தது எச்.ஐ.வி.யையே! அதன் நச்சையெல்லாம் கழற்றி, பெருக முடியாதபடி செய்து, வெறுங்கூட்டைப் பாரம் ஏற்றும் வண்டிலாக்கிவிட்டார்கள். 2024 டிசம்பரில் வேலூர் வைத்தியர்கள், அலோக் சிறிவஸ்தவாவின் தலைமையில், இரத்தம் உறையாத பரம்பரை நோயுடைய ஐந்து பேருக்கு அவர்களுடைய சொந்த மச்சைக் கலங்களை இத்தகைய வண்டிலால் மாற்றிக் கொடுத்த ஆய்வை வெளியிட்டார்கள். ஐவருக்கும் இரத்தக் கசிவு நின்றது. 1986இல் ஐஸ் பெட்டிக்குள் எந்த வைரசைத் தேடிக் கொண்டுவந்தார்களோ, அதே வகையின் கூடு அதே வேலூரில் இன்னொரு நோய்க்கு மருந்து சுமக்கிறது.

எச்.ஐ.வி.யிடம் ஏன் தோற்கிறது?

குருதிப் புற்றுநோய்க்கு வெற்றி தந்தது எச்.ஐ.வி.க்கு ஏன் தரவில்லை? அந்தத் தாய் கேட்ட மிக நல்ல கேள்வி இது.

மேற்சொன்ன புற்றுநோய்க் கலங்கள் எல்லாம் சீ.டி.19 என்ற ஒரே கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்பவை. காவற்காரன் கொடியைப் பார்த்துப் பிடிக்கலாம். கோரைக்கிழங்கு போல உறங்குகின்ற எச்.ஐ.வி. கலம் கொடியே தூக்குவதில்லை. புதுக்கண் கொடுத்தாலும் இல்லாத கொடியை எப்படிக் காண்பது? அத்தோடு வைரசு அடிக்கடி உருமாறும். திருப்பி ஏற்றுகின்ற ரி-கலங்களும் வைரசு பிடிக்கக்கூடிய இனத்தைச் சேர்ந்தவையே. காவலுக்கு விட்டவனையே கள்ளன் பிடித்துவிடுகிறான்.

முயற்சி இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. உண்மையில் மனிதரில் இத்தகைய கலங்களை முதன்முதலாகப் பெருமளவில் பரீட்சித்தது புற்றுநோய்க்கல்ல, எச்.ஐ.வி.க்குத்தான். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு ஏற்றினார்கள். வைரசு அழியவில்லை. ஆனால் ஏற்றிய கலங்கள் பத்து வருடங்களுக்குப் பின்னும் அவர்களுடைய உடம்பில் தீங்கின்றி உயிரோடிருந்தது 2012இல் தெரியவந்தது. 2014இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம், பன்னிரண்டு பேருடைய சொந்த ரி-கலங்களின் சீ.சீ.ஆர்.5 கதவை வெட்டி நீக்கித் திருப்பி ஏற்றிய ஆய்வை வெளியிட்டது. குளிசையைச் சிறிது காலம் நிறுத்திப் பார்த்தபோது, கதவில்லாத கலங்கள் அதிகம் தாக்குப்பிடித்தன. ஆயினும் வைரசு திரும்பியது.

2021 தொடக்கம் கலிபோர்னியாவில் வேறொரு பரிசோதனை. ஒரு கொளுவிக்குப் பதிலாக இரண்டு விதமாக வைரசைப் பிடிக்கும் கொளுவிகளை ரி-கலத்துக்குக் கொடுக்கிறார்கள். ஒன்றிலிருந்து உருமாறித் தப்பினாலும் மற்றதில் மாட்டும் என்பது எண்ணம். இன்னொரு வழி, கலத்துக்குள் எழுதப்பட்ட வைரசை கிறிஸ்பர் என்ற கத்தரிக்கோலால் வெட்டியெடுப்பது. அதை ஊசியாகவே போட்டுப் பார்த்தார்கள். 2024இல் முடிவு சொன்னார்கள்: பாரதூரமான தீங்கு இல்லை. ஆனால் குளிசையை நிறுத்திய மூவருக்கும் வைரசு திரும்பியது, ஒருவருக்கு மட்டும் அதற்குப் பதினாறு வாரங்கள் எடுத்தது.

பதினாறு வாரம். நாலு மாதமும் இல்லை. எமக்கு ஒரு போகத்தின் காலம். இதைத் தோல்வி என்று தள்ளுவதா, புதுக் கன்று முதல் இலை விட்டது என்று பார்ப்பதா என்று என்னைக் கேட்டால், நான் இரண்டாவதைச் சொல்வேன். ஆனால் முதல் இலையை நம்பி ஒருவரும் களஞ்சியம் கட்டுவதில்லை.

ஒன்றை மறவாதிருங்கள். உண்மையான பரிசோதனைக்குச் சேர்பவரிடம் சிகிச்சைக்கென்று பணம் வாங்குவதில்லை. ஆபத்துகளை எழுத்தில் விளங்கப்படுத்திக் கையொப்பம் வாங்குவார்கள். "பரிசோதனையில் சேர்த்துவிடுகிறேன், இவ்வளவு இலட்சம் கொண்டுவா" என்று யாரும் சொன்னால், அவரை நம்பவேண்டாம்.

காணியை என்ன செய்வது?

"அப்ப ஒண்டுமே செய்ய ஏலாதோ?" என்றார் அந்தத் தாய்.

செய்யலாம். செய்யவேண்டியது இலவசமாகவே கிடைக்கிறது. இலங்கையில் எச்.ஐ.வி.க்கான மருந்து 2004ஆம் ஆண்டளவிலிருந்து அரசினால் இலவசமாக வழங்கப்படுகிறது. இதற்குப் பின்னால் போராட்டம் இருந்தது. வீதி விபத்தில் காயப்பட்டு ஏற்றிய இரத்தத்தின் வழியாக 1990களில் இந்த வைரசைப் பெற்ற சிறுபிள்ளை வைத்திய நிபுணர் கமலிகா அபேரத்ன, அதை ஒளிக்காமல் ஊரறியச் சொல்லி, மற்றவர்களுக்காகவும் மருந்து கேட்டவர். இப்போது பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு ஒரு குளிசை போதும். மாவட்ட வைத்தியசாலைகளோடு சேர்ந்துள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இரத்தமும் சோதிப்பார்கள், பேரை வெளியே விடாமலும் வைத்திருப்பார்கள்.

ஒழுங்காகக் குளிசை எடுத்து, வைரசு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவின் மூலம் மற்றவருக்கு அது தொற்றாது. இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. ஐரோப்பாவில் எழுநூறுக்கு மேற்பட்ட சோடிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட முடிவு. அப்படிப்பட்டவர் கலியாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்கு அத்தாட்சி கொடுத்தது. கர்ப்பவதிகளின் இரத்தத்தைக் குடும்பநல மாது கேட்டெடுப்பதன் பலன் அது.

ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, ஒரே கிணற்றில் குளிப்பதாலோ, சேர்ந்து அரிவி வெட்டுவதாலோ தொற்றாது என்பதைப் பல தடவை எழுதியாயிற்று. இருந்தும் 2016இல் குளியாப்பிட்டியப் பகுதியில் ஒரு சிறுவனை, தகப்பன் எயிட்சால் இறந்தார் என்ற கதையை மட்டும் வைத்து, பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. பிள்ளைக்குத் தொற்றே இல்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றது. கலத்துக்குப் புதுக்கண் கொடுக்கின்ற விஞ்ஞானம் எங்கோ நடக்க, இங்கே ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, ஒரு தாய் கூட்டம் கலையும்வரை மரத்தடியில் நிற்கவேண்டியிருக்கிறது.

மகன் கிளினிக்குக்குப் போகிறானா என்று கேட்டேன். இரண்டு மாதம் போனான், யாரோ பஸ்ஸில் கண்டு கேட்டதால் விட்டுவிட்டான் என்றார். அதுதான் அன்று நான் கேட்டவற்றுள் ஆபத்தான செய்தி, தரகருடைய நாற்பது இலட்சத்தை விட. திரும்பப் போகச் சொல்லுங்கள், விட்டதற்காகப் பேசமாட்டார்கள், இரத்தம் சோதித்து மறுபடி தொடங்குவார்கள் என்றேன். ஒரே மாவட்டத்தில் போகக் கூச்சமென்றால் பக்கத்து மாவட்டத்து நிலையத்துக்கும் போகலாம்.

இன்னொன்றும் சொன்னேன். ஓடிய காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை இருந்தது. காணிப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருக்கும். 2024 நவம்பர் வெள்ளத்திலும், அடுத்த வருடம் டித்வா புயலிலும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். மகனுடைய கிளினிக் அட்டையையும் இரண்டு கிழமைக் குளிசையையும் அதற்குள் வையுங்கள் என்றேன். குளிசையை மட்டும் மாதாமாதம் மாற்றி வைக்கவேண்டும், பழசாகிவிடும்.

"அந்தப் பை இப்பவும் இருக்கு தம்பி" என்றார். "காணிப் பேப்பரைத்தான் தரகருக்குக் காட்டவெண்டு வெளியிலை எடுத்து வைச்சிருக்கிறன்."